மலைக்காரனுக்குக் கட்டஞ்சாயா

ஆடி அமாவாசைக்கு எல்லா வீட்டிலும் செத்துப்போனவர்களுக்குச் சோறு படைப்பார்கள். எங்கள் வீட்டிலும் படைப்போம். ஆனால் எங்கள் வம்சத்தில் ஒருவருக்கு மட்டும் தனியாகச் சோறு வைத்து, அதன்மேல் குடும்பமே காறித் துப்பும்.

மூணாறை ஒட்டிய பள்ளிவாசல் ஊர்ப்பக்கம், ஒரு தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் ஒற்றை அறை வீடு எங்களுடையது. படையல் முடிந்ததும் அப்பா ஒரு கிழிந்த இலையில் ஒரு பிடி சோற்றைப் போட்டு வாசலுக்கு வெளியே, சாக்கடை ஓரமாக வைப்பார். "ஓடிப்போன நாயே, இந்தா தின்னு" என்று முதலில் அவர் துப்புவார். அடுத்து அம்மா, அண்ணன், கடைசியில் நான். பயத்தில் எச்சில் வரவில்லை என்றால் பிடரியில் ஓர் அறை விழும். எச்சில் தானாக வந்துவிடும். இந்தச் சடங்கைத் தொடங்கிவைத்தவர் என் தாத்தா. துப்பு வாங்கிக்கொண்டிருந்தவர் தாத்தாவைப் பெற்றவர், எனக்குப் பூட்டன்.

பூட்டனைப் பற்றி வீட்டில் இருந்த கதை ரொம்பச் சின்னது. தாத்தா தவழ்கிற பிள்ளையாக இருந்தபோது, தேயிலைக் காட்டில் வேலை குறைந்த ஒரு சமயத்தில், பாலக்காட்டுக்குக் கிழக்கே கடலைக்காட்டு வேலைக்கென்று அவர் மலை இறங்கினார். திரும்பவில்லை. கூடப் போனவர்கள் வந்து, "அங்கன ஒருத்தியோட சேந்துட்டான், இனி வர மாட்டான்" என்றார்கள். அவ்வளவுதான் கதை. ஒரு கைக்குழந்தைக்காரியை லயத்தில் என்ன பாடு படுத்துவார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. தாத்தாவுக்கு ஊர் வைத்த பெயரே ஓடிப்போனவன் மகன். அப்பா, ஓடிப்போனவன் பேரன். எங்கள் வீட்டு ஆண்களுக்கு வாய் பேசவில்லை, கைதான் பேசியது.

எனக்கு நினைவு தெரிந்து ஒரு பொங்கலன்று, லயத்துப் பைப்படியில் தண்ணீர் பிடிக்கும் தகராறு. பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்து, "நீயும் ஒருநா ஓடத்தானடா போற, உங்க சாதகம் அப்படி" என்றார். அப்பா கையில் கவாத்துக் கத்தி இருந்தது. தேயிலைச் செடியின் தலையைச் சீவுகிற கத்தி அது, எவ்வளவு கூர்மை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே வீச்சு. தோளிலிருந்து வழிந்த ரத்தம் எங்கள் குடத்துக்குள்ளேயே விழுந்தது. போலீஸ் ஜீப்பில் அப்பாவைத் தேவிகுளத்துக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்த அன்றைக்கு, போலீஸ்காரன் முன்னால் அழுதாள் என்பதற்காக அம்மாவை அடித்தார். அம்மா தன் தாய்வீட்டுக்குப் போய் ஓர் இரவு தங்க வேண்டும் என்று வாயைத் திறந்தாலும் போதும், "ஓடுற நெனப்பு வந்துருச்சோ?" என்று முடியைப் பிடித்துச் சுவரில் மோதுவார். அந்தச் சுவரில் அம்மாவின் எண்ணெய்த் தலை பட்ட கறை கடைசிவரை போகவில்லை. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எனக்கும் அதே கைதான், மறைப்பானேன். கட்டிக்கொண்டவன் ஒருமுறை கையை ஓங்கினான். நான் குழம்புக் கரண்டியை எடுத்தேன். இப்போது அவன் திருப்பூரில் இருக்கிறான், நான் மூணாறில் மெஸ் வைத்திருக்கிறேன். இருவருக்கும் சுகம்.

அப்பாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்து படுக்கையானபோது அண்ணன்தான் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டான். அண்ணன் சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அலைகிறவன், எங்கள் வீட்டிலேயே அடிக்கத் தெரியாமல் பிறந்த ஒரே ஆண். படுத்த பிறகு அப்பாவுக்கு ஒரே பேச்சு. "அவன் எங்க செத்தான்னு பாத்துட்டு வாங்கடா. அந்தக் குழி மேல ஒரு தடவ துப்பிட்டேன்னா நிம்மதியாப் போயிருவேன். இல்லாட்டி என் உசுரு இழுத்துக்கிட்டுத்தான் கெடக்கும்."

அதுவரை பூட்டனைப் பற்றி யாரும் தேடியதே இல்லை. நான் தேட ஆரம்பித்தேன். அப்பாவின் நிம்மதிக்காக மட்டும் என்று சொன்னால் பொய். அங்கே இன்னொரு குடும்பம் இருக்கும், பிள்ளை பேரன் என்று தழைத்திருக்கும், அவர்கள் நடுவில் போய் நின்று நாலு கேள்வி கேட்டுவிட்டு வர வேண்டும். எங்கள் தாத்தா பட்டதை, அம்மா பட்டதை எல்லாம் அவர்கள் முற்றத்தில் கொட்டிவிட்டு வர வேண்டும். இந்த வெறிதான் எனக்கு.

தேவிகுளத்துத் தாலுக்கா ஆபீசில், "அத்ரயும் பழைய ரேகை ஒண்ணும் இல்லா சேச்சீ" என்று, அவ்வளவு பழைய பதிவேடு எதுவும் இல்லையெனக் கையை விரித்தார்கள். பழைய லயங்களில் கேட்டால், "உனக்கெதுக்கு அந்தத் தறுதலைப் பேச்சு?" என்றார்கள். சரி, நம்மிடம் இருப்பது மெஸ்தானே என்று, பாலக்காட்டுப் பக்கமிருந்து லோடு ஏற்றி வருகிற டிரைவர்களையெல்லாம் சோறு போட்டுக்கொண்டே விசாரித்தேன். "மலையிலேர்ந்து வந்து உங்க ஊர்ல பொம்பளையோட தங்கிட்ட ஆளு பழைய காலத்துல யாராச்சும் உண்டா?" கேலிக்குக் குறைவில்லை. "அக்கா, புது மாப்பிள்ளை பாக்கறாப்பல இருக்குது" என்று சிரித்துக்கொண்டே ரசம் கேட்பார்கள்.

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து இளநீர் கொண்டுவருகிற டிரைவர் ஒருவர் மட்டும் யோசித்தார். "குடும்பம் பண்ணுனவன் யாருன்னு தெரியலீங்கக்கா. ஆனா எங்கூருக்குப் பக்கத்துல ஒரு தோட்டத்துல மலைக்காரன்னு ஒரு சாமி இருக்குதுங்க. அந்த வேகாத வெயில்லயும் சாமிக்குக் கம்பளி போத்துவாங்க. பாலு ஊத்தாம கட்டஞ்சாயா வெச்சுத்தான் கும்புடுவாங்க. வேற எங்கீங்க சாமி சாயா குடிக்குது?"

எனக்குக் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. கம்பளியும் கட்டஞ்சாயாவும் சேர்ந்தால் அது தேயிலைக்காட்டு ஆளின் சங்கதி. ஓடிப்போன பயல் அங்கே போய்ச் சாமியாகவே ஆகிவிட்டானா! எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

மலைக்காரனுக்கு வருஷப் பூசை எப்போது என்று அந்த டிரைவரிடமே விசாரித்து, அந்த நாளுக்கு அண்ணனும் நானும் ஜீப்பில் கிளம்பினோம். மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று இறங்கி, மறுபடி கேரள எல்லைக்குள் நுழைந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. தென்னந்தோப்பும் கடலைக்காடும் மாறி மாறி வந்தன. தோட்டத்து வீடு பெரியது. அதன் களத்துமேட்டு ஓரத்தில், கரும்பனை நிழலில் சாமி இருந்தது. ஆள் உயரம்கூட இல்லாத ஒரு கல், அதன் மேல் புதுக் கம்பளி. எதிரில் பொங்கல் வெந்துகொண்டிருந்தது, சேவலின் கால்களைக் கட்டிப் போட்டிருந்தார்கள்.

சண்டைக்கு வந்தவள் என்று யார் முகத்தில் எழுதியிருக்கிறது? சாமி கும்பிட வந்தோம் என்றோம். அந்த வீட்டுப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர், எழுந்து வந்து கும்பிட்டார். "வாங்க, வாங்க. மலையிலிருந்து வந்துருக்கறீங்களா? ரொம்பச் சந்தோசமுங்க. மலைக்காரருக்கு மலையாளுங்க வந்தா விசேசமல்லீங்களா? சாப்புட்டுட்டுத்தான் போகோணும்." அவருடைய மருமகள் ஒரு கண்ணாடி கிளாஸில் ஆவி பறக்கிற கட்டஞ்சாயாவைக் கொண்டுவந்து கல்லின் முன்னால் வைத்தாள். பக்கத்தில் புதிதாகச் சுட்ட மண்ணில் செய்த ஒற்றைப் பாதம் ஒன்று இருந்தது. நேர்த்திக்கடனுக்கு மண் கால், மண் கை வைப்பது நான் பார்த்ததுதான். அதனால் அதை உற்றுப் பார்க்கவில்லை.

செருப்பைக் கழற்றினேன். சாமிக்கு முன்னால் போகிறவர்கள் காலில் தண்ணீர் ஊற்றுவது அந்த வீட்டு வழக்கம் போலிருக்கிறது. மருமகள் சொம்போடு குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. சொம்பு நழுவி என் கால் மேலேயே விழுந்தது.

"மாமா! இங்க வந்து பாருங்க, விரலு... விரலு!"

என் இடது காலில் ஆறு விரல். அப்பாவுக்கும் அதே காலில் ஆறு. அண்ணனுக்கு வரவில்லை. அப்போதுதான் அந்த மண் பாதத்தை ஒழுங்காகப் பார்த்தேன். இடது கால். சுண்டு விரலை ஒட்டிப் பட்டாணி அளவுக்கு இன்னொரு விரல். செய்தவன் நகம்கூடக் கீறியிருந்தான்.

பெரியவர் என் காலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க அவரு வம்சமுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். எங்கள் பூட்டன் இந்த ஊர்க்காரி யாரோடு ஓடினார், அவள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "அவரு எங்கயும் ஓடலீங்களே" என்றார்.

பிறகு அந்த ஆள் சொன்னார். மறைக்கவில்லை. சாமி சரித்திரம் சொல்கிற பக்தியோடு சொன்னார், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

"எங்கப்பாரு காலத்துலீங்க. இந்தக் களத்துல அவரு உக்கார்ற கயித்துக் கட்டலு கெடந்துது, கூலியாளுங்க அதுல உக்காரக் கூடாதுங்க. வேலை முடிஞ்சு வந்து இவரு அதுல உக்காந்துட்டாருங்க. எந்திரிடான்னா எந்திரிக்கலீங்க. 'நாள் பூரா குனிஞ்சேன், இப்ப உக்காந்துக்கிறேன்'னு சொன்னாராமுங்க. அப்பறம் என்னங்க, அந்தக் காலமல்லீங்களா? எங்கப்பாரோட நாலு பேரு சேந்து தடியில அடிச்சாங்க. அப்பவும் இவரு எந்திரிச்சு, 'நான் எம்புள்ளகிட்டப் போறேன்'னு மலையப் பாத்து நடந்தாருங்க. போயிச் சொல்லிருவாருன்னு காலை வெட்டிப்போட்டாங்க. அதோட முடிஞ்சுதுங்க. கூட வந்தவங்களைக் கூப்புட்டு, பொம்பளையோட போயிட்டான்னு சொல்லோணும், இல்லாட்டி உங்களுக்கும் இங்கதான் குழின்னு சொல்லி அனுப்புனாங்க. அதுக்கப்பறம் எங்க ஊட்டுல மாடு சாவுது, பொறக்கற புள்ளைங்க உசுரோட நிக்க மாட்டேங்குது. இவருதான்னு தெரிஞ்சு, கல்லு நட்டு, வருசா வருசம் கால் செஞ்சு குடுக்கறமுங்க. இப்ப அவருதாங்க எங்களுக்குக் காவலு."

அவருங்க, இவருங்க, காவலுங்க! கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு வாய்க்குள் எச்சில் ஊறியது. ஒவ்வோர் ஆடி அமாவாசையும் துப்பிய அத்தனை எச்சிலும் என் தொண்டையில் நின்றது. பிள்ளையிடம் போகிறேன் என்று நடந்த மனுஷனையா நாங்கள் நாயே என்றோம்?

"கொன்னும் போட்டுட்டு, கொன்னவன் ஊட்டுக்கே காவல் வேற வச்சிருக்கீகளா?" என்று கத்தினேன். "நான் பிடிமண் எடுக்கப் போறேன். எங்க ஆள நாங்க கூட்டிட்டுப் போறோம்."

பிடிமண் என்றால் சாமி நிற்கும் இடத்திலிருந்து எடுக்கும் ஒரு கைப்பிடி மண். அதைக் கொண்டுபோய் எங்கே போட்டாலும் சாமி அங்கே வந்துவிடும். பிழைக்கப் போகிற எங்கள் சனம் சாமியை அப்படித்தான் கூடவே கூட்டிப்போகும். பெரியவருக்கும் அது தெரிந்திருந்தது. அதுவரை குழைந்துகொண்டிருந்தவர் கல்லுக்கு முன்னால் வந்து கையை விரித்து நின்றார்.

"அது மட்டும் ஆகாதுங்க. சோறு சாப்புடுங்க, சேலை எடுத்துத் தாறோம். மண்ணை மட்டும் தொடாதீங்க. சொந்தத்தைப் பாத்துட்டாருன்னா அவருக்குப் பழசெல்லாம் நெனப்பு வந்துருமுங்க. அப்பறம் எங்களை உட்டு வெப்பாரா?"

நான் அவரைத் தள்ளிவிட்டுக் குனிந்தேன். கல்லடியில் கையை விட்டு மண்ணை அள்ளும்போதே அவர் கால் என் மணிக்கட்டின் மேல் ஏறியது. மனுஷர் முழு எடையையும் வைத்து மிதித்தார். எலும்பு நெரிபடும் சத்தம் எனக்கே கேட்டது. எனக்கு முன்னால் அவர் கெண்டைக்கால் இருந்தது. கடித்தேன். உப்புக் கரிக்கும்வரை கடித்தேன். அவர் அலறிக்கொண்டு சாய்ந்தார். அவருடைய மகன் ஓடிவந்து என் முடியைப் பிடித்தான். அண்ணன், வாழ்க்கையில் ஒருவனைக்கூட அடிக்காத என் அண்ணன், நடுவில் பாய்ந்தான். மண்வெட்டிக் காம்பு அவன் தலையில் இறங்கியது. கல்லின் மேல், புதுக் கம்பளியின் மேல், ரத்தம் தெறித்தது. நான் படையலில் இருந்த கட்டஞ்சாயாவை எடுத்து அந்த மகனின் முகத்தில் வீசினேன். இன்னும் சூடு ஆறவில்லை. அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பொங்கல் பானை உருண்டது. மருமகள், "போயிருங்கக்கா, சாமி சத்தியமாப் போயிருங்க" என்று என்னைப் பிடித்து ஜீப் பக்கமாகத் தள்ளினாள். அவள் மட்டும்தான் அந்த வீட்டில் அழுதாள்.

உடுமலையில் அண்ணனின் தலைக்குத் தையல் போட்டார்கள். வீங்கிப்போன என் கைக்குக் கட்டுப் போட வந்த நர்ஸ் விரல்களை விரிக்கச் சொன்னாள். மாட்டேன் என்றேன். உள்ளே மண் இருந்தது. போலீசுக்குப் போகலாம் என்றேன். "யார் மேல கேசு குடுப்ப? செத்துப்போன அந்தாளோட அப்பாரு மேலயா?" என்றான் அண்ணன். மலை ஏறும்போது வேறொன்று சொன்னான். "அப்பாகிட்ட சொல்லாத. குழி கெடைக்கலன்னு சொல்லிருவோம். அந்தாளு இத்தன வருஷமா அந்தக் கோவத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் உசுரோட இருக்காரு. அதப் புடுங்கினா தாங்க மாட்டாரு."

"தாங்கட்டும். அம்மா தாங்குனா. நாம தாங்கல?" என்றேன்.

நாங்கள் உள்ளே நுழைந்ததுமே அப்பா அண்ணனின் கட்டைப் பார்த்துவிட்டார். கோணிய வாயோடு சிரித்தார். "அங்கனயும் அடிதானா? அவன் வாரிசுகதான அடிச்சது? குழியப் பாத்தியா? மண்ணு ஏதும் கொண்டாந்தியாடி? இங்க காட்டு, துப்புறேன்."

நான் அவர் முன்னால் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. கட்டில், தடி, வெட்டிய கால், மண் பாதம், எல்லாவற்றையும். அவர் சிரிப்பு நின்று வெகுநேரம் ஆகியும் வாய் மூடவில்லை.

"நடந்தானா?" என்றார்.

"நடந்தாரு. எம்புள்ளகிட்டப் போறேன்னு சொல்லிக்கிட்டே நடந்தாராம்."

"எவ்வளவு தூரம்?"

"களத்த விட்டு இறங்க விடலப்பா."

"கொன்னவய்ங்க அவனுக்கு என்ன வைக்கிறாய்ங்க?"

"சாயா, சேவல், பொங்கல். குளிருக்குக் கம்பளி. நடக்கக் காலு."

"வருஷா வருஷமா?"

"வருஷா வருஷம்."

"கொன்னவன் சோறு போட்டிருக்கான். பெத்த வம்சம் துப்பியிருக்கு. அந்த மண்ண அங்கனயே கொண்டுபோய்ப் போட்டுருடி. இங்க கொண்டாந்தா அவன் என்னையக் கேப்பான். உங்கப்பனும் நீயும் என்னடா வச்சீங்கன்னு கேப்பான். நான் என்னத்தச் சொல்ல? கொண்டுபோயிரு, கொண்டுபோயிரு!"

இந்த மனுஷன் பயந்து நான் பார்த்ததே இல்லை. பைப்படிச் சண்டைக்குப் பழிவாங்கக் கத்தியோடு ஆட்கள் வந்தபோதுகூட வாசலில் போய் நின்றவர். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லா வேணும் என்று இருந்தது. "இருக்கட்டும்பா. வந்து கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அண்ணன் வீட்டின் பின்புறம், தேயிலை ஆரம்பிக்கிற மேட்டில், ஒரு கல்லை நட்டு அதன் அடியில் கையைத் திறந்தேன். வேர்வையில் மண் கட்டியாக ஒட்டியிருந்தது. அண்ணி கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். அண்ணன் தன் கம்பளியை எடுத்துவந்து போர்த்தினான். உள்ளே அப்பா கத்திக்கொண்டே இருந்தார். பிறகு கத்தல் மாறியது. என்னையத் தூக்கிட்டுப் போங்கடா என்றார்.

அண்ணன் அவரைக் குழந்தை மாதிரி தூக்கிவந்து கல்லின் முன்னால் உட்காரவைத்து, முதுகுக்குத் தன் மார்பைக் கொடுத்தான். அப்பா கல்லைப் பார்த்தார். அவரது வலது கை கன்னத்துக்குப் போனது. சாமி முன்னால் தப்புக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்வது எல்லோரும் செய்வதுதான், பட்டும் படாமலும். அப்படித்தான் செய்யப்போகிறார் என்று நினைத்தேன்.

ஓங்கி அறைந்தார். மறுபடி அறைந்தார். கோணிய வாய் மேலேயே அடி விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் தாடைக்கு இறங்கியது. "போதும்பா" என்றான் அண்ணன். நிறுத்தவில்லை. தாத்தாவுக்கு ஓர் அடி, தனக்கு ஓர் அடி, அம்மா பெயரைச் சொல்லி ஓர் அடி, திரும்பத் திரும்ப அம்மா பெயரைச் சொல்லி. என்னால் பார்க்க முடியவில்லை. வீங்கிய கையாலும் நல்ல கையாலும் சேர்த்து அவர் கையைப் பிடித்து என் மடியில் அழுத்திக்கொண்டேன். "விடுடி, விடுடி" என்று திமிறினார். எத்தனை பலம் அந்தக் கையில்! அது அம்மாவை அடித்த காலத்தில் இப்படிப் பிடிக்க ஒருத்தரும் வந்ததில்லை.